வழுக்கைத் தலையர் கேட்ட இரண்டு

நோய்களுள் வலி தருவன உண்டு. வலியே இன்றி உயிரை வாங்குவனவும் உண்டு. இவ்விரண்டிலும் சேராத ஒன்று வழுக்கை. அதனால் காய்ச்சல் இல்லை; நோவு இல்லை; ஆயுள் குறைவதும் இல்லை. ஆயினும் கண்ணாடியின் முன் சீப்புடன் நிற்கும் ஓர் இளைஞனைக் கேட்டுப் பாருங்கள். அவன் நெஞ்சில் அது அன்றாடம் ஒரு முள்ளாய்த் தைப்பதைச் சொல்வான். மற்ற நோயாளியைக் கண்டால் மக்கள் இரங்குவர். வழுக்கைத் தலையரைக் கண்டால் சிரிப்பர். நோய் என்று சொல்லி ஆறுதல் பெறவும் வழியின்றி, நோயன்று என்று சொல்லி அமையவும் மனமின்றி, மனிதன் இதற்கு மருந்து தேடி நடந்த பாதை மிக நீண்டது. அப்பாதையில் நாமும் பல ஆண்டுகள் நடந்திருக்கிறோம். ஆகவே, அங்கே கண்டதையும் கற்றதையும் வாசக நேயர்கள்முன் வைக்க விழைகிறோம்.

நமக்கு முடி உதிரத் தொடங்கியது 1979ஆம் ஆண்டில். அப்போது வயது இருபத்து நான்கு. முதலில் நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறின. பின்னர் உச்சியில் ஒரு காசளவு வெளிச்சம் விழுந்தது. ஒளுச் செய்யும்போது ஈரக்கையால் தலையைத் தடவினால் விரல்களில் முடி ஒட்டிக்கொண்டு வரும். அத்தாவுக்கும் வழுக்கை, அத்தாவைப் பெற்ற பாட்டனாருக்கும் வழுக்கை. இருந்தும் வீட்டில் எவரும் நம்பிக்கையைக் கைவிடவில்லை. பாட்டியார் கரிசலாங்கண்ணிச் சாற்றையும் நெல்லிக்காய்ச் சாற்றையும் தேங்காய் எண்ணெயில் விட்டுக் காய்ச்சி, வெள்ளிக்கிழமைதோறும் தம் கையாலேயே தேய்த்துவிட்டார். ஹகீம் ஒருவர் லேகியம் கொடுத்தார். நாளிதழில் வந்த விளம்பரம் ஒன்றைக் கண்டு, வி.பி.பி. தபாலில் ஓர் எண்ணெய் வரவழைத்தோம். தொண்ணூறு நாளில் முடி கறுகறுவென்று வளரும் என்பது அவர்கள் தந்த உறுதிமொழி. தொண்ணூறு நாள் முடிவில் கறுத்திருந்தது தலையணை உறை ஒன்றே. அந்நிறுவனத்துக்கு எழுதிய இரு கடிதங்களுக்கும் மறுமொழி வரவில்லை.

"எந்நேரமும் தொப்பி போட்டால் முடி எப்படி நிற்கும்?" என்று கேட்டவர்களும் உண்டு. இன்றும் பல இல்லங்களில் இவ்வையம் இருக்கிறது. பெண்மக்களின் முக்காட்டைப் பற்றியும் இப்படியே பேசுகிறார்கள். இது அடிப்படையற்றது. முடியின் வேர் தனக்கு வேண்டியதைக் காற்றிலிருந்து பெறுவதில்லை, இரத்தத்திலிருந்தே பெறுகிறது. தொப்பியோ தலைப்பாகையோ முக்காடோ வழுக்கையை உண்டாக்குவதில்லை. முடியை வலிய இழுத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் நெடுநாள் நீடித்தால் மட்டுமே, இழுபடும் இடத்தில் முடி குறையும்.

நம் பாட்டியார் எண்ணெய் காய்ச்சியதற்கு மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் இதற்குக் கொழுப்பு காய்ச்சியிருக்கின்றனர். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'எபர்ஸ்' மருத்துவச் சுவடியில், நீர்யானை, முதலை, பாம்பு ஆகியவற்றின் கொழுப்பை வழுக்கைக்குப் பூசும் முறை காணப்படுகிறது. அரபு நூல்கள் புக்ராத் என்று அழைக்கும் கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூலில், ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்னும் அரிய கவனிப்பு பதிவாகியிருக்கிறது. மருத்துவ மேதை இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலின் நான்காம் பகுதியில் முடி உதிர்வைப் பற்றி எழுதினார். திட்டுத்திட்டாக முடி கொட்டும் நோய்க்கு அரபு மருத்துவர்கள் 'நரி நோய்' என்னும் பொருளில் 'தாவுஸ் ஸஃலப்' என்று பெயரிட்டிருந்தனர். சொறி பிடித்த நரிக்கு முடி கொட்டுவதைக் கண்டு வைத்த பெயர் அது. நம் மக்கள் அதனைப் புழுவெட்டு என்கின்றனர். உண்மையில் வெட்டும் புழு எதுவும் அங்கில்லை. உடலின் காவல் ஆற்றலே வழிதவறி, முடியின் வேரைப் பகையென எண்ணித் தாக்குவதால் வருவது அது.

ஆனால் பரம்பரையாய் வரும் வழுக்கை வேறு. அதன் காரணம் துலங்குவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆண்மைச் சுரப்பு இல்லாதவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அச்சுரப்பை மருந்தாகக் கொடுத்தபோது அவர்களுள் பரம்பரைச் சார்பு உடையோருக்கு முடி உதிர்ந்ததையும் 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டார். பழைய கிரேக்கக் கவனிப்புக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது. பின்னர் 1974இல் ஜூலியன் இம்பராட்டோ மக்கின்லி என்னும் பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும், கரீபியக் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசின் சில குடும்பங்களைப் பற்றி எழுதினர். அங்கே சில ஆண்களுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு. ஆண்மைச் சுரப்பை அதனினும் வலிய 'டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன்' என்னும் பொருளாக மாற்றும் நொதி அது. அந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை.

இவற்றால் தெளிவானது இது. மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதம் ஓய்ந்து, உதிர்ந்து, அதே குழியிலிருந்து மீண்டும் முளைக்கிறது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பே. பரம்பரைச் சார்பு உடையவர்களின் நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிக்குழிகள் மேற்சொன்ன வலிய பொருளுக்கு இளகி, சிறுகச் சிறுகச் சுருங்குகின்றன. வளரும் காலம் குறுகுகிறது. முடி மெலிந்து பூனைமயிராகிறது. இறுதியில் கண்ணுக்குப் புலப்படாது போகிறது. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள குழிகளுக்கு அந்த இளக்கம் இல்லை. ஆகவேதான் எத்தனை பெரிய வழுக்கையிலும் பின்புறம் ஒரு பிறை எஞ்சி நிற்கிறது.

காரணம் தெரிந்தால் மருந்தும் கிடைத்துவிடும் என்று மனம் எண்ணுவது இயல்பு. கிடைத்ததோ இரண்டு, அவற்றுள் ஒன்று தற்செயலாய் வந்தது. மினாக்ஸிடில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. அதை உண்டவர்களுக்கு வேண்டாத இடங்களிலெல்லாம் முடி வளரக் கண்டு, அதனையே தலையில் பூசும் நீர்மமாக்கி 1988இல் வெளியிட்டனர். மற்றொன்று ஃபினாஸ்டரைடு. மேற்சொன்ன நொதியைத் தடுக்கும் இம்மருந்து, 1992இல் முதியோரின் புராஸ்டேட் வீக்கத்துக்காகவும், 1997இல் குறைந்த அளவில் ஆண்களின் வழுக்கைக்காகவும் ஏற்பளிக்கப்பட்டது. அதன் பின்னர் கால் நூற்றாண்டு கடந்தும், ஆண் வழுக்கைக்கென அமெரிக்க அரசு ஏற்ற மருந்துப் பட்டியலில் மூன்றாவது சேரவில்லை.

இவ்விரண்டையும் நாம் பழிக்கவில்லை. முடி உதிரத் தொடங்கிய இளமையிலேயே மருத்துவரை அணுகுவோரில் பலருக்கு இவை உதிர்வைத் தடுக்கின்றன. சிலருக்கு ஓரளவு திரும்பவும் தருகின்றன. ஆயின் இவை காவலாளிகள் போன்றவை. சம்பளம் நிறுத்திய நாளில் காவலும் நின்றுவிடும். நாம் மினாக்ஸிடிலை ஓராண்டு காலை மாலை தவறாது பூசினோம். உச்சியில் மெல்லிய பட்டுப்போல் முடி தலைகாட்டியபோது, பெருநாள் பிறை கண்ட மகிழ்ச்சி உண்டாயிற்று. பின்னர் பிள்ளைகளின் கல்லூரிச் செலவு வந்தது. புட்டி வாங்குவது நின்றது. நான்கைந்து மாதத்தில் வந்த முடி வந்த வழியே சென்றது. ஃபினாஸ்டரைடோ சிலருக்கு இல்லற வாழ்வில் குறை உண்டாக்கக்கூடும். கருவுற்ற பெண்கள் உடைந்த அம்மாத்திரையைத் தொடவும் கூடாது. ஆகவே மருத்துவர் அறியாமல் எவரும் இதனை உண்ணலாகாது. குணப்படுத்துவது வேறு, கட்டுக்குள் வைப்பது வேறு. இந்த வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லாததே, இப்பாதையில் நடப்போரின் ஏமாற்றத்தில் பாதி.

மற்றப் பாதிக்குக் காரணம் பொய் மருந்துகள். அவை ஏன் புகழ் பெறுகின்றன என்பது சிந்திக்கத்தக்கது. கடும் காய்ச்சலுக்குப் பின், பிரசவத்துக்குப் பின், பெருந்துயருக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிரும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா கண்டவர் பலர் இதனை அனுபவித்தனர். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் தானே நின்று, முடி தானே திரும்பும். புழுவெட்டும் பலருக்குத் தானே ஆறிவிடும். அந்த நேரத்தில் எந்த எண்ணெய் தேய்க்கப்பட்டதோ, எந்த வெங்காயச் சாறு பூசப்பட்டதோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. பயன் பெற்றவர் பொய் சொல்லவில்லை. முடி வந்தது உண்மை. எண்ணெயால் வந்தது என்பது மட்டுமே உண்மையன்று. அவர் சொல்லை நம்பிப் பரம்பரை வழுக்கையர் பத்துப் பேர் அதே எண்ணெயை வாங்குகின்றனர்.

பெண்மக்களின் நிலை இதனினும் கடினம். முக்காட்டுக்குள் இருப்பதால் அவர்தம் துயர் வெளியே தெரிவதில்லை. தாயிடம்கூடச் சொல்லாதோர் உண்டு. இரும்புச்சத்துக் குறைவாலும் தைராய்டுக் கோளாறாலும் பெண்களுக்கு முடி கொட்டுவது மிகுதி. ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்து, உரிய மருந்தில் தீரக்கூடியதை எண்ணெய்ப் புட்டிகளில் தேடிக் காலம் கழிக்கலாகாது.

நம் நாட்டின் சட்டம் இவ்வகையில் விழிப்பாகவே இருந்திருக்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, இன்னின்ன நோய்களைத் தீர்ப்பதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடலாகாது என்று வரிசைப்படுத்துகிறது. அதில் வழுக்கையும் ஒன்று; புதுமுடி வளர்த்தலும் ஒன்று. அமெரிக்க அரசும் 1989இல், மருத்துவச் சீட்டின்றி விற்கப்படும் முடி வளர்ப்பு மருந்துகளின் வாக்குறுதிகளுக்குச் சான்றில்லை என்று தடை விதித்தது. சட்டம் இருந்தும் புட்டிகள் குறையவில்லை. ஆசை இருக்கும் வரை அங்காடியும் இருக்கும்.

இனி முடிநடுகை. பிடரியில் உள்ள குழிகளுக்கு வழுக்கை விழும் இயல்பு இல்லை என்றோம். அவற்றை எடுத்து முன்புறம் நட்டால், இடம் மாறினும் குணம் மாறாமல் அவை வளர்கின்றன. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில் செய்து காட்டி, 1959இல் எழுதிய உண்மை இது. இன்று துருக்கியின் இஸ்தன்பூல் நகரம் இதற்குப் பெயர் பெற்று விளங்குகிறது. வளைகுடாவில் உழைக்கும் நம் இளைஞர்களுள் சிலரும் விடுப்பில் அங்கே சென்று வருகின்றனர். தன் தலை முடியையே இடம் மாற்றி நடுவது, பிறர் முடியை ஒட்டிக்கொள்வது போன்றதன்று. இழந்ததைத் திரும்பப் பெறும் சிகிச்சையே என்று மார்க்க அறிஞர் பலர் இதற்கு இசைவு கூறியிருக்கின்றனர். ஒட்டுமுடியைப் பற்றிய நபிமொழியின் கண்டிப்பை நேயர்கள் அறிவர்.

எனினும் இதுவும் அறுவைச் சிகிச்சையே. 2016இல் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடிநடுகை செய்துகொண்ட பின் உயிரிழந்தார். மருத்துவம் பயின்ற பிள்ளைக்கே நேர்ந்த துயரம் அது. உரிய பயிற்சி பெற்ற மருத்துவரே இதனைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. குறைந்த கட்டணம் கண்டு அழகு நிலையங்களில் தலையைக் கொடுப்போர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆய்வுக்கூடங்களிலிருந்தும் அவ்வப்போது நற்செய்திகள் வருகின்றன. எலிக்கு முடி முளைத்தது என்பர். இன்னும் ஐந்து ஆண்டில் மனிதனுக்கும் என்பர். 2012இல் வழுக்கை விழுந்த தோலில் 'புரோஸ்டகிளாண்டின் டி2' என்ற பொருள் மிகுந்திருப்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். அதன் செயலைத் தடுக்கும் மருந்தொன்றை மனிதரிடம் சோதித்தபோது முடி வளரவில்லை. புழுவெட்டுக்கோ உண்மையான முன்னேற்றம் கிட்டியிருக்கிறது. கடுமையான புழுவெட்டுக்கு உள்ளுக்கு உண்ணும் பாரிசிடினிப் என்ற மருந்தை 2022இல் அமெரிக்க அரசு ஏற்றது. ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே ஆராய்ச்சி நடக்கட்டும், நம்பிக்கையும் இருக்கட்டும். ஆனால் அந்த நாள் வரும் வரை ஓர் இளைஞன் தன் வாழ்வை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதே நம் வினா.

இவ்வினா நம் குடும்பத்துக்குள்ளேயே எழுந்தது. தங்கை மகனுக்கு வயது இருபத்தெட்டு, துபாயில் பணி. தொழுகையாளி, உழைப்பாளி, உச்சி வரை வழுக்கை. பெண் வீட்டார்க்கு அனுப்பப் படம் கேட்டபோது, தொலைபேசியில் தயங்கித் தயங்கி அவன் கேட்டது இது: "மாமு, தொப்பி போட்டு எடுத்த படத்தையே அனுப்பிடலாமா?"

அக்கேள்வி நம்மைச் சற்று நேரம் பேசவிடவில்லை. தொப்பி நமக்கு வணக்கத்தின் அடையாளம். அதனை ஒரு நல்ல பிள்ளை மறைப்புத் திரையாகக் கேட்கும் நிலைக்கு ஆளாக்கியது யார்? அவன் தலையன்று, நம் திருமணப் பேச்சுகள். "பையன் நல்லவன்தான், ஆனால்..." என்று இழுக்கும் நம் நாவுகள். நிக்காஹ் மறைவில் தொடங்கலாகாது என்று கூறி, தொப்பியோடு ஒன்றும் தொப்பியின்றி ஒன்றுமாக இரு படங்களை அனுப்பச் சொன்னோம். இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்திக்கொண்டன. மூன்றாம் வீட்டில், மணமகள் தன் தாயார் வாயிலாகக் கேட்டது ஒன்றே: மணமான பின் தன் ஆசிரியப் பயிற்சிப் படிப்பை முடிக்க விடுவாரா என்பது. விடுவேன் என்றான். நிக்காஹ் நடந்தது.

அந்நாள்களில் நம் நினைவில் நின்றது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஒரு நபிமொழி. பனூ இஸ்ராயீல் கூட்டத்தாரில் மூவர்; ஒருவர் வெண்குட்டம் உற்றவர், ஒருவர் வழுக்கைத் தலையர், ஒருவர் கண்பார்வை அற்றவர். அவர்களைச் சோதிக்க அல்லாஹ் ஒரு வானவரை அனுப்பினான். உமக்கு மிக விருப்பமானது யாது என்று வானவர் கேட்டபோது, வழுக்கைத் தலையர் அழகிய முடியைக் கேட்டார். அத்துடன், மக்கள் தம்மை அருவருக்கக் காரணமான இக்குறை நீங்கவேண்டும் என்றும் கேட்டார். வானவர் தடவினார், முடி வந்தது. சினைப்பசு ஒன்றும் கிடைத்துச் செல்வம் பெருகியது. பின்னர் அதே வானவர் ஏழை வழுக்கைத் தலையர் உருவில் வந்து உதவி கேட்டபோது, அவர் தம் பழைய நிலையையே மறுத்தார், பெற்றதை இழந்தார். பார்வை பெற்றவரோ தம் பழைய நிலையை ஒப்புக்கொண்டு வாரி வழங்கினார், நிலைபெற்றார்.

இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். நன்றியின் பாடமாகவே கேட்டிருக்கிறோம். அது சரியே. ஆயினும் அம்மனிதரின் வேண்டுதலை உற்று நோக்குங்கள். அவர் கேட்டவை இரண்டு. ஒன்று முடி, மற்றொன்று மக்களின் அருவருப்பிலிருந்து விடுதலை. முதலாவதைத் தர வானவரோ மருத்துவரோ வேண்டும். அதிலும் இன்று வரை முழுமை கிட்டவில்லை. இரண்டாவதைத் தர எவரும் வானிலிருந்து இறங்க வேண்டியதில்லை. அது நம் கையில் இருக்கிறது. நம் வீட்டு முற்றத்திலும் திருமணப் பேச்சிலும் இருக்கிறது. அந்த இரண்டாவதைச் சமுதாயம் தந்துவிட்டால், முதலாவதைத் தேடுவோரின் பதற்றம் பாதியாகும். பதற்றம் குறைந்தால் பொய் எண்ணெய்க்கு வாடிக்கையாளரும் குறைவர்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் வழுக்கைத் தலையர். ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்ட வேளையில் அவர்களைக் கண்ட அப்துல்லாஹ் பின் ஸர்ஜிஸ் (ரலி), அந்த அடையாளத்தைச் சொல்லியே அவர்களைக் குறிப்பிட்டதாக முஸ்லிம் தொகுப்பில் காண்கிறோம். அலீ (ரலி) அவர்களையும் வரலாற்றாசிரியர்கள் அவ்வாறே வருணித்தனர். அப்பெரியோரின் மதிப்பை அது அணுவளவும் குறைக்கவில்லை. ஹஜ்ஜில் தலை முடி களைவோருக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் இறைஞ்சினார்கள். முடியைக் குறைத்துக்கொள்வோரைப் பின்னரே சேர்த்தார்கள். முடியே இல்லாத ஹாஜியும் தலைமீது கத்தியை ஓட்டிக்கொள்கிறார். ஹனபி மத்ஹபில் அது வாஜிப், ஷாபி மத்ஹபில் சுன்னத். துல்ஹஜ் பத்தாம் நாள் மினாவில் நின்று பார்த்தால், யார் தலையில் முடி இருந்தது, யார் தலையில் இல்லை என்று எவராலும் சொல்ல இயலாது.

மருந்து தேடும் இளைஞர்களைத் தடுக்க வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புவோம். தேடாமல் அமைந்தவர்களைத் தூண்டவும் வேண்டாம். பெண் கொடுப்போரும் எடுப்போரும் தலையின் மேலுள்ளதை விட்டு உள்ளே இருப்பதை விசாரிப்போம். பிள்ளைகள்முன் 'மொட்டை', 'சொட்டை' என்று எவரையும் அழைக்காதிருப்போம். வழுக்கைத் தலையர் கேட்ட இரண்டில், நம்மால் இயன்ற அந்த ஒன்றைத் தரும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.